நாலரை மணி நேரப் பழக்கம்

எங்கள் மஞ்சேரிப் பக்கத்தில் கிலோமீட்டர் என்பது ஆட்டோக்காரர்களின் சமாச்சாரம். மற்றவர்களுக்கு எல்லா தூரமும் மணிக்கணக்குதான். மஸ்கட் மூன்றரை, துபாய் நாலு, தோஹா நாலரை. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் ஒன்பது மணி நேரம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "அந்த நேரத்துல தோஹா போயி ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்பிடலாமே" என்று முகத்தைச் சுளிப்பார்கள். தலைநகரத்தைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள் எங்கள் தெருவில் நிறைய. தோஹாவைப் பார்க்காதவன் எவனும் இல்லை.

சைதலவிக்கா இந்தக் கணக்கில் பெரிய புள்ளி. தோஹாவில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். நானும் அவரும் ஒரே அறையில் வருடக்கணக்காகக் கட்டிலுக்குக் கட்டில் படுத்தவர்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எத்தனை தடவை ஊருக்குப் போய் வந்தாரோ, அத்தனை தடவையும் அந்தப் பயணத்தை அடிவயிற்றால் அளந்து வைத்திருந்தார். விமானத்தில் வெளியே பார்க்கவே மாட்டார். முதல் தடவை ஒன்றுக்கு வந்தால் கரை தாண்டியாயிற்று, சாப்பாட்டுத் தள்ளுவண்டி திரும்பிப் போனால் கடல் பாதி, காது அடைத்தால் பாலைவனம் தெரியும் என்பார். போகும்போது நாலரை மணி, ஊருக்கு வரும்போது நாலு மணிதான். ஏன் என்று கேட்டால், "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது பாஸ்கரா. எந்தப் பக்கம் போறப்ப மனுஷனைப் பின்னாலேர்ந்து தள்ளணும்னு படைச்சவனுக்குத் தெரியாதா?" என்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்று உண்டு. பொதி வாங்க மாட்டேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் யார் கிளம்பினாலும் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வீட்டில் ஆள் வரத் தொடங்கும். மகனுக்கு ஊறுகாய், மருமகனுக்கு அரிசிப் பத்திரி ரொட்டி, தம்பிக்குக் காய்ச்சிய எண்ணெய். எல்லாம் துணியிலோ காகிதத்திலோ கட்டி, மேலே பெயர் எழுதி வரும். வாங்குகிறவன் எடை போட்டுப் பார்க்கலாம். கூடிப்போனால் "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று கெஞ்சலாம். பிரித்துப் பார்க்க மட்டும் கூடாது. பிரித்தால், உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பிறகு அந்த வீட்டுக்குக் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. பிரிக்காமல் கொண்டுபோய் அங்கே ஜெயிலில் கிடந்தவர்களின் கதை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யாரும் பிரிப்பதில்லை. பெருந்தன்மை என்றும் சொல்லலாம், மண்டைக்கனம் பிடித்த முட்டாள்தனம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

ஒரு தடவை லீவு முடிந்து அவர் கிளம்பும்போது பக்கத்து வீட்டு உம்மர் ஒரு பொதி கொடுத்தார். லாரி ஓட்டுகிறவர். அவருடைய மகன் ஜம்ஷீருக்கு தோஹாவில் போன் கடையில் வேலை. ஊரில் இருந்தபோது கஞ்சாக் கேஸில் ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தவன். "போத்துக்கறி வறுவல்தான் சைதலவி. அவன் உம்மா கையால செஞ்சது" என்றார் உம்மர். எருமைக்கறியை எங்கள் பக்கம் போத்து என்பார்கள். பொதியைச் சுற்றிப் பழுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை, காகிதமே கண்ணில் படாத அளவுக்கு. சைதலவிக்கா அதை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

காலை விமானம். பக்கத்து இருக்கையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். பெயர் ப்ரஸீதா, வளாஞ்சேரிக்காரி. தோஹாவில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலைக்குப் போகிறாள். புருஷன் விட்டுப் போய்விட்டான், நாலாம் வகுப்பு படிக்கிற மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். இதெல்லாம் விமானம் நகர்வதற்கு முன்பே அவள் சொல்லி முடித்துவிட்டாள். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் ஒன்று வாயே திறக்க மாட்டார்கள், இல்லையென்றால் வாயை மூடமாட்டார்கள்.

"இக்கா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலரை மணி."

"எவ்வளவு தூரம்?"

"மூவாயிரம் கிலோமீட்டர்னு பைலட்டு சொல்லுவான். அதையெல்லாம் காதுல போட்டுக்காத. நாலரை மணி, அவ்வளவுதான்."

"கீழ பூராவும் கடலா?"

"பாதிக்கு மேல கடல்தான்."

"விழுந்துட்டா?"

"உனக்கு நீச்சல் தெரியுமா மோளே?"

"தெரியாது இக்கா."

"எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேருவோம்."

அவள் பயத்தோடு சிரித்தாள். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. மனைவி நபீசு.

"உம்மர் வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கு" என்றாள் நபீசு, மூச்சு வாங்க. "ரெண்டு பேரு. உம்மரை வாசல்லயே நிக்க வச்சுக் கேள்வி கேக்கறாங்க. ஜம்ஷீர் பேரைச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீங்க அந்தப் பொதியப் பாத்தீங்களா? உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்கலையா? என்ன மனுஷன் நீங்க—"

விமானப் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். கதவு மூடியாகிவிட்டது. விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. சைதலவிக்கா போனை அணைத்தார். உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் கால் வழியாக இறங்கிப் போனது மாதிரி இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எழுந்து நின்று கத்தலாமா என்று யோசித்திருக்கிறார். என்னவென்று கத்துவது? என் பெட்டியில் ஏதோ இருக்கிறது என்றால் அத்தனை பேரும் வெடிகுண்டு என்றுதான் நினைப்பார்கள். விமானத்தை நிறுத்தி இவரைத்தான் முதலில் இறக்குவார்கள். சும்மா இருந்தால் அங்கே பிடிப்பார்கள். இங்கே பிடித்தால் கேஸ், வக்கீல், ஜாமீன். அங்கே பிடித்தால் பத்து வருடம். அவர் யோசித்து முடிப்பதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது.

ப்ரஸீதா அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரும் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தார். அவள் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள். அவர் விழாமல் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பயந்தார்.

பொதி அவர் காலுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றில் கிடந்தது. எட்டிப் பிடிக்க முடியாது, பிரித்துப் பார்க்க முடியாது, தூக்கி எறியவும் முடியாது. பெட்டியில் அவருடைய பெயர் எழுதியிருக்கிறது, சீட்டும் ஒட்டியிருக்கிறது. எடுக்காமல் விட்டுவிட்டு வெளியே ஓடினாலும் பெயர் துரத்திக்கொண்டு வரும். அந்தப் பழுப்பு டேப்பை அவர் மனதில் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கறி வறுவலுக்கு யார் அத்தனை டேப் ஒட்டுவார்கள்? வழக்கமான கணக்குக்கு வெகு முன்னாலேயே இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார்.

சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தபோது அவர் தட்டைத் தொடவில்லை.

"என்ன இக்கா, எனக்குத் தைரியம் சொல்லிட்டு நீங்க இப்படி வேர்த்துக் கொட்டறீங்க?" என்றாள் ப்ரஸீதா. "இருபத்திரண்டு வருஷமா போயி வர்றேன்னு சொன்னதெல்லாம் பீலாவா?"

அவரால் அடக்க முடியவில்லை. மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். உம்மர், பொதி, டேப், போலீஸ். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துவிட்டது போல. முன் இருக்கையில் இருந்த தடித்த ஆள் ஒருவர் தலையைத் திருப்பினார்.

"யோவ், வாய மூடும். மத்தவங்க நிம்மதியா வரவேண்டாமா? உம்ம ஒரு பொதிக்கு இந்தக் கூப்பாடா? என்கிட்ட ஆறு பொதி இருக்கு."

"ஆறுலயும் என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார் சைதலவிக்கா.

தடித்தவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ குசுகுசுத்தார். அந்த ஆள் அடுத்த வரிசைக்குக் குசுகுசுத்தான். அந்த விமானத்தில் பொதி இல்லாத பெட்டி ஒன்றுகூட இருந்திருக்காது. சிரிப்பும் அரட்டையுமாக இருந்த நாலைந்து வரிசை, சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

ப்ரஸீதா அவர் பக்கம் சாய்ந்தாள். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு இக்கா" என்றாள்.

"யார் குடுத்தது?"

"பக்கத்து வீட்டு சுனிதாச்சேச்சி. அவங்க புருஷன் ராஜீவன்தான் எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தாரு. அவருதான் ஏர்போர்ட்டுக்கு வர்றாரு. மிக்சர்னு சொன்னாங்க. அப்புறம்…"

"அப்புறம் என்ன?"

"அடியில அவருக்கு முதுகு வலிக்கு மருந்து இருக்கு, யாரு கேட்டாலும் மிக்சர்னே சொல்லுன்னாங்க."

சைதலவிக்காவுக்கு அடைத்த காது இன்னும் அடைத்தது. வலி மாத்திரைகளில் சிலது அங்கே கஞ்சாவுக்குச் சமம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஓர் அட்டை இருந்தால்கூடப் பிடிப்பார்கள். அவர் அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என் பொண்ணு இக்கா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. விழுவதைப் பற்றிய பயம் அவளை விட்டுப் போய்விட்டிருந்தது.

"கேளு மோளே" என்றார் சைதலவிக்கா. "மாட்டிக்கிட்டு அழறதுல பிரயோஜனம் இல்ல. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே போயிச் சொல்லிடணும். இது எங்களோடது இல்ல, ஊர்ல குடுத்தாங்க, நீங்களே பிரிச்சுப் பாருங்கன்னு. நான் முதல்ல போறேன். நீ என் பின்னால வா. எனக்கு அரபி தெரியும், நான் பேசறேன்."

"விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்க" என்றார். விடுவார்களா என்று அவருக்கே தெரியாது. அதற்கப்புறம் இருந்த ஒரு மணி நேரமும் அவர் தனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஓதினார். அவள் தனக்குத் தெரிந்த எல்லா பகவதியையும் கூப்பிட்டாள். மூவாயிரம் கிலோமீட்டரும் முடிந்து சக்கரம் தரையைத் தொட்டபோது, எப்போதும் முதல் ஆளாக எழுந்து பெட்டியைப் பிடுங்கும் எங்கள் ஊர்க்காரர்கள், அன்றைக்கு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.

சுங்க மேஜையில் இளவயசு அதிகாரி ஒருவன். சைதலவிக்கா பெட்டியைத் தூக்கி வைத்துத் தானே சொன்னார். அவன் கத்தியை எடுத்து டேப்பை அறுத்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் எண்ணெய் மினுங்கும் கறி வறுவல். தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையுமாக அந்த மண்டபமே மணத்தது. அவன் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தான், முகர்ந்தான், கருவிக்குள் போட்டு எடுத்தான். எண்ணெய் ஒழுகி அடுத்தவன் துணி கெடக்கூடாதே என்றுதான் அந்த மகராசி அத்தனை டேப் ஒட்டியிருக்கிறாள்.

"போ" என்றான் அதிகாரி.

சைதலவிக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு சொல் மாதிரி இனிப்பான சொல்லை அவர் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் ப்ரஸீதா, சொன்னபடியே, தன் பொதியைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் சொல்லிக்கொடுத்திருந்த இரண்டு அரபிச் சொல்லையும் தப்பாகச் சொன்னாள். மிக்சருக்கு அடியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கட்டு. அதிகாரி ஓர் அட்டையைத் திருப்பிப் படித்தான். போனை எடுத்தான். சீருடையில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி மேஜையில் வைத்தார்கள். அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"இக்கா!" என்று கூப்பிட்டாள்.

வெளிக்கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நான் காரோடு நின்றிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். அதிகாரியும் அவரைப் பார்த்தான்.

"இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?" என்று அரபியில் கேட்டான்.

என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் என்ன பதில் சொன்னாலும் அதுவும் புரியப்போவதில்லை. தெரியாது என்று ஒரு தலையாட்டலில் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த எவனும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டான். அந்த நாலரை மணி நேரமும் பிடித்திருந்த பயம் முழுவதும் ஒரே மூச்சில் திரும்பி வந்ததாம். அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"தெரியும்" என்றார்.

"உறவா?"

"இல்லை."

"எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"நாலரை மணி நேரமாக."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். சைதலவிக்கா சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை அவளுடையதன் மேல் வைத்தான்.

வெளியே எனக்கு ஒன்றும் தெரியாது. நபீசு எனக்குக் கூப்பிட்டு, போலீஸ் வந்தது ஜம்ஷீரின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற விசாரணைக்காம், அந்தப் பாவி மனுஷனைச் சும்மா பயமுறுத்திவிட்டேன் என்று அழுதும் சிரித்தும் சொல்லியிருந்தாள். அவர் வந்ததும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலை ஆள் ஒருவன், 'ப்ரஸீதா' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தடித்த ஆள் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, உள்ளே வளாஞ்சேரிக்காரி ஒருத்தியை மாத்திரையோடு பிடித்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தபோது வழுக்கைத் தலையன் அட்டையை நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். ஓடக்கூட இல்லை. நடந்தான்.

ப்ரஸீதா வெளியே வர நாள் ஆயிற்று. நபீசு வளாஞ்சேரிக்கு பஸ் ஏறிப்போய், சுனிதாவின் வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தி, அந்த மாத்திரைக்கான டாக்டர் சீட்டை வாங்கி அனுப்பினாள். மருந்து யாருக்கென்று ப்ரஸீதா விமானத்தில் கடலுக்கு மேலேயே சொன்னாள், தானாகத்தான் எடுத்து வைத்தாள் என்று சைதலவிக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததும் சேர்ந்துதான் அவளை விட்டார்கள். வேலை போயிற்று. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகளிடம் போய்ச் சேர்ந்தாள்.

ஆனால் மறுநாள் மத்தியானம் அவரை மட்டும் வெளியே விட்டபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சட்டை கசங்கி, கண் சிவந்து, ஒரே நாளில் பத்து வயசு கூடி வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாத்தீங்களா? அவ யாரு, நீங்க யாரு? தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிடுமா?"

அவர் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"கத்தாத பாஸ்கரா" என்றார். "இந்த நாட்டுல அவளுக்கு என்னை விட்டா வேற யாரடா தெரியும்?"